வட்டத்தில் ஒரு நாற்காலி

அப்பா,

ஐந்து மாதமாக நான் மாத்திரையைத் தொடவில்லை. நேற்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

இந்த மறுவாழ்வு இல்லத்தில் வட்டமாக உட்காரும் ஒவ்வொருவரும் எழுந்து தான் யார் என்று சொல்ல வேண்டும். "நான் போதைக்கு அடிமையா இருந்தேன்" என்று நாற்பது பேர் முன்னால் தினமும் காலையில் சொல்கிறேன். முதல் நாள் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். நேற்று, குடும்பத்தாரும் வந்து உட்காரும் ஞாயிறுக் கூட்டத்தில், உங்களுக்கு இருந்தது ஒரே வரி. எதிரே உங்கள் ஆபீஸ் மேனேஜரைப் பார்த்ததும், "நான் பக்கத்து வீட்டுக்காரன், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றீர்களே!

அடுத்து அந்த மேனேஜர் எழுந்தார். என் அறைத்தோழியின் தோளைத் தொட்டு, "நான் இவளோட அப்பா" என்றார். அழுதார். அவர் மானம் ஒன்றும் கப்பலேறவில்லை. நீங்கள்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

சொந்தக்காரர்களிடம் நான் ஹாஸ்டலில் படிப்பதாகவே சொல்லிக்கொள்ளுங்கள். அது உங்கள் பாடு.

அடுத்த ஞாயிறும் என் பக்கத்தில் உங்கள் நாற்காலி இருக்கும். அப்பாவாக வருவதானால் வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
"என் மகள்" என்று நீங்கள் சொல்லாமல் போன
உங்கள் மகள்