பிரம்பு நாற்காலியும் உன் சிரிப்பும்

சிம்பாங் பூலாய்,
1927, ஆவணி 9.

சௌபாக்கியவதி மங்களத்துக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, எழுதி எழுதிக் கிழித்தேன். தம்பிக்குக் கக்குவான் தணிந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய், வேலைக்கு வரிசை கட்டும் ஆட்களை எண்ணி நின்று முழங்கால் வலி, சொன்னால் கேட்பதில்லை.

போன வாரம் ஈப்போவுக்கு வேலையாக வந்த மாப்பிள்ளை இங்கேயும் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் தயங்கித் தயங்கி, "அத்தே, மங்களத்துக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டார். பெண் பார்க்க வந்தபோது பிரம்பு நாற்காலி கிழிந்து அவர் உள்ளே போய்விட்டாரே, நாங்களெல்லாம் தூக்கிவிட ஓட நீ மட்டும் சிரித்தாய், நான் உன் கையைக் கிள்ளினேன். "அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சரின்னேன். இப்ப பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளையாட்டம் இருக்கா" என்றார். உன்மேல் குறை சொல்லவில்லை, குரல்தான் இறங்கிப்போயிற்று.

வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டேன் மங்களம். கல்யாணமாகி நீ புறப்பட்ட அன்று ரயிலடியில் பல் தெரியச் சிரிக்காதே என்று சொன்னதும், பிறகு கடிதத்துக்குக் கடிதம் அதையே எழுதியதும் நான்தானே. டீச்சர் பயிற்சிக் கல்லூரியில் எங்களை அடக்கத்துக்கே பழக்கினார்கள், அதை அப்படியே உன் தலையில் ஏற்றிவிட்டேன். உன்னை விளையாட்டுப் பிள்ளை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். முந்தாநாள் ரப்பர்ப் பால் எடுத்து வரும்போது மழை பிடித்து, நம் தோட்டத்து இருளாயி வழுக்கி விழுந்து வாளி முழுதும் கொட்டிவிட்டது. கூலி பிடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சேற்றில் உட்கார்ந்தபடியே, "மரத்துப் பாலை மரத்துக்கே குடுத்துட்டேன், டீச்சரம்மா" என்று சிரித்தாள், சிரித்துவிட்டுத்தான் எழுந்தாள். இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்து ஜனங்களுக்குக் கவலையே கிடையாது என்று நினைத்திருந்தேன். கவலையோடும் சிரித்து எழுந்திருக்கத் தெரிந்தவர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. எனக்கு அது வரவில்லை, வந்திருந்த உன்னிடமிருந்தும் பிடுங்கிவிட்டேன். எழுதினதை இனி அழிக்க முடியுமோ என்னவோ.

மாப்பிள்ளை கேட்டதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அவர் முன்னால் மனம்விட்டுச் சிரி. யாராவது முகம் சுளித்தால் அம்மாதான் சொன்னாள் என்று என் பேரைச் சொல்லிவிடு.

இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். குளிர்காய்ச்சலுக்குப் போடும் கொய்னா மாத்திரையை மறக்காதே. தீபாவளிக்குக் கட்டாயம் வாருங்கள். அந்தக் கிழிந்த நாற்காலியைப் பின்னக் கொடுக்கலாம் என்றார் அப்பா, வேண்டாம் என்றுவிட்டேன். இந்த முறை அதில் நான் உட்காருகிறேன்.

உன் அம்மா,
நல்லம்மாள்