மாடிக்குப் போன காப்பி

ஓசூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள அசோக்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. அந்தக் குளிர் தேசத்தில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியை நச்சரிக்கிறேன். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறதப்பா, அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உன் ஆபீஸ் சுசித்ராவிடம் மாங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கத்தில் கம்பெனிப் பெண்களுக்கு ஐந்து மாடி ஹாஸ்டல் எழும்பியதிலிருந்து நம் வீட்டில் கீழே சிக்னல் இல்லை, மாடி அறையில்தான் உன் முகம் தெரிகிறது. நாலு மணிக்கு நீ அங்கே மதியச் சோறு சாப்பிட, நான் இங்கே காப்பி குடிக்க என்று பழகிவிட்டோம். ஆனால் பதினெட்டுப் படி ஏறுவதற்குள் பாதிக் காப்பி கொட்டிவிடும். பின் போர்ஷனில் குடியிருக்கும் முனிலட்சுமி, கம்பெனியில் நாள் முழுக்கத் தட்டில் சாமான் தூக்கி நடக்கிறவள், ஏம்மா படிக்கட்டுக்கு தெனமும் காப்பி அபிஷேகமா என்று சிரித்தாள், டம்ளரையே பாத்துக்கினு நடந்தா கொட்டத்தான் செய்யும், நேரா பாத்து நடங்க என்று பாடம் வேறு. நேராகப் பார்த்தேன், படி தப்பிவிட்டது. கொதிக்கக் கொதிக்கக் காலில் கொட்டி முட்டித் தோலும் பெயர்ந்தது. பயப்படாதே, புண் காய்ந்துவிட்டது. உன்னிடம் சொன்னால், மாடி ஏறாதம்மா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசலாம் என்பாய், அதற்குத்தான் பயந்தேன். காப்பியைக் கீழேயே நின்று குடித்துவிட்டு, காலி டம்ளரை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பிடித்து ஏறினேன். மூன்று வாரம் நீ பார்த்தது வெறும் டம்ளர். காப்பி எப்படிம்மா என்று நீ கேட்டதற்கு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று வேறு சொன்னேன், பாவி நான்.

முனிலட்சுமி கண்டுபிடித்துத் திட்டிவிட்டு, தான் ஷிப்டுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க்கை என் தோளில் மாட்டிவிட்டாள். இப்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லை. முன்பெல்லாம் நீ கூப்பிடத் தாமதமானால் காப்பி ஆறிப்போகும், சரி இன்றைக்கு அவ்வளவுதான் என்று இறங்கிவிடுவேன். இதில் ஆறுவதே இல்லை. போன செவ்வாய் நீ கூப்பிடவில்லை, ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இருப்பா. வேலை இருந்தால் கூப்பிட வேண்டாம், அது தப்பில்லை. இன்றைக்கு முடியாதும்மா என்று ஒரு வரி மட்டும் அனுப்பிவிடு, நான் குடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

உன் அம்மா,
பூவம்மாள்