சம்பந்தியம்மாவுக்கு மட்டும் ஒரு டி டிரைவ்

காவலூர்

அன்பு மகன் சந்திரனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் கனடா குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே அப்பாவும் நானும் சுகம், சாமை அறுப்பு முடிந்தது, மழைதான் விட்டபாடில்லை. போனில் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். வேலூரிலிருந்து உன் மாமியார் ஈஸ்வரியம்மா பேசினார்கள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடியோவில் உட்கார்ந்து, அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, விண்டோஸ் கெட்டாலும் போட்டோவெல்லாம் தப்பிக்கிற மாதிரி டி டிரைவ் போட்டுக் கொடுத்தாயாமே, சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அப்படிப் போட்டுக் கொடு என்று நான் கேட்டபோது மட்டும் "கடையில குடுத்துடும்மா, எனக்கு வேல இருக்கு" என்றாய்.

கடையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்தது, உன் கல்யாணம், எல்லாப் போட்டோவும் விண்டோஸ் இருக்கிற அந்த சி டிரைவில்தானே கிடக்கிறது, யாராவது தெரியாமல் அழித்துவிட்டால்? யூடியூப் பார்த்து நானே உட்கார்ந்துவிட்டேன். முதலில் எல்லாவற்றையும் வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டேன். சி டிரைவைச் சுருக்கி, மிச்ச இடத்தில் புது டிரைவ் உண்டாக்கும்போது பார்மட் பண்ணட்டுமா என்று கேட்டதே, அப்படியென்றால் எல்லாம் அழிந்துவிடுமே என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அப்பா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு "இன்னாமே, நடுவுல கரண்டு போய்ட்டா இன்னா பண்ணுவே?" என்கிறார். காலி இடம்தானா என்று மறுபடி பார்த்துவிட்டு அழுத்தினேன். டி டிரைவ் வந்தது. போட்டோக்களை அதில் மாற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

சும்மா இருக்க முடியுமா? ஈஸ்வரியம்மாவுக்குப் போன் போட்டு, எனக்கு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை என்றேன். அவர்கள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்க புள்ள அன்னிக்கி உங்களப் பத்திப் பேசினதுதாங்க ஜாஸ்தி. நான் தப்பா அழுத்தினா, எங்கம்மான்னா இத தானாவே கத்துக்கும்னு சொல்லிக்கினே இருந்தாரு. எனக்குப் பொறாமையா இருந்துச்சுங்க" என்றார்கள். மழை வருதுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது வேறு பொறாமை பிடித்திருக்கிறது சந்திரா. அந்த வார்த்தையை உன் வாயால் அவர்கள் கேட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். மருமகளிடம் இதைக் காட்டாதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஒருநாள் கூப்பிடு, கம்ப்யூட்டரில் ரிப்பேர் ஒன்றும் இல்லை, சும்மா கூப்பிடு.

உன் அம்மா,
தேவயானி