லேபிளை மறைத்து எண்ணிய துளிகள்

மார்ச் 4, செவ்வாய், கிளேட்டன்

ஆய்வகக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த அருந்தவன் தன் படங்களைக் காட்டினான். வயதானால் விழித்திரைக்கு அடியில் கொழுப்பு தேங்கிப் பார்வை மங்குகிறது. அதை வெளியேற்றும் ஒரு மரபணுவை முடுக்கிவிட்டால், கிழட்டு எலியின் கண்ணிலும் கொழுப்புத் துளிகள் பாதியாகக் குறைகின்றனவாம். எட்டே மாத வேலை! நான் நான்கு வருடமாக வேறொரு மரபணுவோடு மல்லுக்கட்டிக் கால்வாசிதான் குறைத்திருக்கிறேன். பேராசிரியர் கைதட்டினார். எனக்கு ஒரு தடவையாவது தட்டியிருக்கிறாரா?

எங்கள் இருவர் ஒப்பந்தமும் டிசம்பரில் முடிகிறது. நீட்டிப்பு ஒருவருக்குத்தான். எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்ச் 5

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை.

மார்ச் 11

பிடித்துவிட்டேன். அவன் படங்களின் லேபிளை மறைக்காமல் துளிகளை எண்ணியிருக்கிறான்! எது எந்த எலியின் படம் என்று தெரிந்தே எண்ணினால், கண் வேண்டியதைத்தானே பார்க்கும்? நேராகப் பேராசிரியரிடம் போனேன். அறிவியலுக்காக — சரி, பொய். அவன் கவிழ்வதைப் பார்க்கத்தான்.

மார்ச் 12

இருவருடையதையும் மறைத்து எண்ண வேண்டுமாம். ஆய்வக மேலாளர் ரவீன் லேபிளை எடுத்துவிட்டு எண் போட்டுத் தருவார். அவன் படங்களை நான் எண்ண, என்னுடையதை அவன். அவனுக்குக் கோபமே வரவில்லை.

"நல்லதுதானே அக்கா. பிழையெண்டா இப்பவே தெரியட்டும். தேத்தண்ணி போடட்டோ?"

கோபப்பட்டுத் தொலையேன்டா!

மார்ச் 20

இருநூற்றுப் பத்துப் படங்கள். கண் பூத்துவிட்டது. மங்கலான புள்ளியைக்கூட விடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எந்த எண் எந்த எலி என்ற பட்டியலை ரவீன் திறந்தார். அருந்தவனுடையது பாதி. நானே எண்ணியும் பாதி.

என்னுடையதில் வித்தியாசமே இல்லை.

நாலு வருஷம்டி! நானும் லேபிளைப் பார்த்துத்தான் எண்ணியிருக்கிறேன். என் கண் ஏமாறாது என்று ஒரு நினைப்பு. அவன்தான் தப்பாக எண்ணினானோ? என் படங்களில் இருபதை, மறைத்தபடியே, நானே எண்ணிப் பார்த்தேன். அவன் சரி.

"அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்ல." அழுதுவிடுவான் போலிருந்தது. அதற்கும் எரிந்தது.

ஏப்ரல் 28

நீட்டிப்பு அவனுக்கு.

தன் கட்டுரையின் வரைவையும் எனக்கு அனுப்பியிருக்கிறான். தன் எண்ணிக்கையை நீக்கிவிட்டு என்னுடையதைப் போட்டிருக்கிறான். "நீங்கள் எண்ணினதில ஆரும் பிழை பிடிக்கேலாது அக்கா. உங்கட பேர் ரெண்டாவதா வரலாமோ?"

நான்கு வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை, அவனைக் கவிழ்க்கச் செய்தது. முதலாவதாக இருந்த அவன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சம்மதம் என்று பதில் போட்டேன்.