மண்ணெண்ணெய்க்குப் போன உன் எண்ணு மிசின்கள்

கிராப்புத் தலைக்கு உன் வூட்டுத் தேங்காயெண்ணெய் போதாமல் என் வூட்டு எண்ணெயையும் காலி செய்த என் அருமை மாப்பிள்ளை முருகேசனுக்கு, உன் மாமன் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது.

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன். க்ஷேமம் இல்லை. மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய சேதி என்று உனக்குத் தெரியாதா?

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். உன்னுடைய எண்ணு மிசின் இரண்டையும் விற்றுவிட்டேன். விற்றதற்கு அழவில்லை. யாரிடம் விற்றேன், எதற்கு விற்றேன் என்று நினைத்தால்தான் வாயெல்லாம் கசக்கிறது. இந்தக் கடுதாசியை நோட்டீசாக அடித்துச் சந்தை சந்தையாகக் கொடுக்கப் போகிறேன். மூணாங் கிளாசோடு நின்றவன் எழுதியது என்று எவனும் சிரிக்க வேண்டாம். நாலாங் கிளாஸ் வாசல் வரைக்கும் போனவன் நான்.

படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. என் மாப்பிள்ளை, அதாவது என் அக்கா மகன், பெங்களூரில் ஒரு மில்லில் இருந்தவன். கேட்டில் நின்று வெளியே போகிற நூல் பொதிகளை எண்ணுவது அவன் வேலை. வேலையை விட்டு வரும்போது பழைய சாமான் கடையில் இரண்டு எண்ணு மிசின் வாங்கி வந்தான். உள்ளங்கையில் அடங்கும். நிக்கல் பூச்சு. மேலே ஒரு குமிழ். கட்டை விரலால் அமுக்கினால் டிக்கென்று சத்தம் வரும், கண்ணாடிக்குள் எண் ஒன்று கூடும். உலகத்திலேயே மூன்றுதான் செய்தார்கள், மூன்றாவது லண்டன் ராசாவிடம் இருக்கிறது என்று நான்தான் ஊரில் சொல்லி வைத்தேன். நீ மறுக்கவில்லை. சிரித்தாய். மொரப்பூரில் நீ ரயிலை விட்டு இறங்கின அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தவனும் நான்தானே! வண்டி கூலி வண்டி. மாடுகளுக்குப் போட்ட சோளத்தட்டு என்னுடையது.

அந்த மிசின் ஜோடிக்கு நீ என்ன வேலை கொடுத்தாய்!

பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கூடுகிற கூட்டம் எல்லோருக்கும் தெரியும். பரிசல் ஏறி நடுத்திட்டுக்குப் போவார்கள். தலை முழுகி, மஞ்சள் கயிறு மாற்றி, கட்டுச்சோறு தின்று, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். சாயங்காலம் தண்ணீர் ஏறினால் திட்டு முழுகிவிடும். போனவர்கள் எல்லோரும் திரும்பினார்களா என்று கேட்பார் இல்லை. வருசத்துக்கு ஒரு ஆள் காணாமல் போகும். "காவேரி எடுத்துக்கிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைக் கட்டுவார்கள்.

"மாமா, போறவங்களை எண்ணுவோம். வர்றவங்களையும் எண்ணுவோம். ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் பரிசல் ஓடட்டும்" என்றாய் நீ.

முதல் வருசம் விரலை நீட்டி எண்ணப் போய் நாம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? பாப்பாரப்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றாளே.

"ஏன்டா டேய், எம் மக்களையா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணறே? சந்தைக்கு வந்த ஆடாடா நாங்க? உன் கொள்ளிக்கண்ணுல எங் குடும்பம் கொறையணுமா?"

உன் மேல் ஓங்கின சொம்பு என் முதுகில் விழுந்தது. அந்த அம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. நம் சனம் தலையை எண்ணவிடாது. எத்தனை பிள்ளைங்க என்று கேட்டால் "இருக்கறாங்க, சாமி புண்ணியத்துல" என்பார்களே தவிர எண்ணைச் சொல்ல மாட்டார்கள். அப்போதுதான் நீ மிசினை எடுத்தாய். தோள் துண்டுக்குள் கையை விட்டு அமுக்கிக்கொண்டே நின்றாய். வாய் எண்ணவில்லை, விரலும் நீளவில்லை. போகிற பக்கம் நீ, வருகிற பக்கம் நான். துண்டுக்குள் மறைக்கிற யோசனை என்னுடையதுதான். நீ சொன்னாய், நான் ஒத்துக்கொண்டேன்.

இடுப்புக் குழந்தைக்கும் ஒரு அமுக்கு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாய். "கூலி இல்லாத உருப்படிங்க அது" என்று பரிசல்கார மாதையன் சிரித்ததற்கு, "ஆத்துக்கு அது தெரியுமாண்ணா?" என்று கேட்டாய்.

மறு வருசம் ஒன்று குறைந்தது. போனதைவிட வந்தது ஒன்று கம்மி. நான் எங்கேயோ அமுக்க மறந்திருப்பேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானே அப்படித்தான் சொன்னேன். நீ கேட்கவில்லை. மாதையனைக் கெஞ்சித் திருப்பி ஓட்ட வைத்தாய். திட்டின் பின்பக்கம், கால் பிசகிப்போய் ஒரு பெண்பிள்ளை பாறையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவள் மார்புக்கு வந்திருந்தது. அன்றைக்கு உங்களைச் சுற்றி வந்த நாற்பது முதலைகளைக் கரையில் நின்றபடியே நான் கத்தி விரட்டியது ஊருக்கே தெரியும். சரி, இரண்டு முதலை. அதில் ஒன்று கட்டையாகவும் இருக்கலாம்.

போன மார்கழியில் உனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. உலகச் சண்டைக் காலம், அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை. தருமபுரி முழுக்க அலைந்தேன். கடை கடையாகக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இதில் மட்டும் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை மாப்பிள்ளை.

நீ கண்ணை மூடின பிறகு, தை முடிகிற வரைக்கும் அக்கா உன் பெட்டியைத் திறக்கவே இல்லை. தை கழிந்ததும் மிசின் இரண்டையும் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். "எம் புள்ளை விரல் பட்டது தம்பி. வூட்டுல வெச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்லை. யாருக்காச்சும் குடுத்துரு. ஆனா பிரிச்சுக் குடுக்காதே. அந்தத் துறையிலதான் அது இருக்கணும்" என்றாள்.

சித்திரையில் பரிசல் துறைக் குத்தகைக்காரர் வந்தார். அப்போது 'வந்தார்' என்றுதான் சொன்னேன். இனிமேல் வந்தான்தான். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் கையில் ஒட்டின கரியை என் வாசல் சுவரில் துடைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"உங்க மாப்பிள்ளை மாதிரி ஒரு புள்ளை இந்தத் தாலூக்காவுல பொறக்கலீங்க. அந்த மிசின் ரெண்டும் துறையில இருந்தாத்தானே அவரு பேரு நெலைக்கும்? ஜோடியாவே எடுத்துக்கறேன்" என்றான்.

"அது லண்டன் ராசாகிட்ட இருக்கிற..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க, தெரியுங்க. காசு எதுக்கு? ரெண்டு டின் மண்ணெண்ணெய் எறக்கிடறேன்."

மண்ணெண்ணெய்! கூப்பனுக்கு ஒரு பாட்டில் வாங்க விடியக்காலையிலிருந்து வரிசையில் நிற்கிற காலம் இது. இரண்டு டின்! என் தெருவில் எவன் வூட்டில் இருக்கிறது? அக்கா சொன்ன இரண்டுக்கும் பழுதில்லை, பிரிக்கவில்லை, துறைக்குத்தான் போகிறது என்று மனசுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டேன். திரும்பி வருகிறவர்களையும் எண்ணுவாயா என்று அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. என் கண் டின் மேல் இருந்தது. சீ!

அந்த டின்னிலும் பாதிக்கு மேல் தண்ணீர். மேலே எண்ணெய், அடியில் காவேரி. உன் அத்தை விளக்கேற்றினால் திரி சடசடவென்று பொரிகிறது. சோற்றுப் பானை, பாய், என் துண்டு எல்லாம் அந்த நாற்றம். ஆனாலும் தெருவில் நான்கு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் குமட்டுகிறது.

இந்த ஆடிப் பெருக்குக்கு, மாமன் கொடுத்த மிசினைக் கொண்டாடுவார்கள் என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். போகிற பக்கம் குத்தகைக்காரனே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். வாயில் வெற்றிலை, கையில் உன் மிசின். ஊறின எச்சில் விரலோடு டிக், டிக் என்று அமுக்கினான். குமிழ் முழுக்கச் சிவப்பு. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். ஒரு டிக்தான்.

வருகிற பக்கம் போய்ப் பார்த்தேன். எவனும் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது.

"அண்ணா, இன்னொரு மிசின் எங்கே?"

"பொட்டியில இருக்குது. இது கெட்டுப்போனா அது. மாத்துக்குத்தானே ஜோடியா வாங்கினேன்?"

"வர்றவங்களை யாரு எண்ணறது?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். புளிச்சென்று துப்பினான். என் வேட்டி ஓரத்தில் தெறித்தது.

"போறவன் ஏறும்போதே ரெண்டு நடைக்கும் சேத்துக் குடுத்துடறான். வர்றவனை எண்ணி எனக்கு என்னய்யா ஆகப்போகுது?"

அந்த வெற்றிலை வாய்க்குள் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அவனை அப்படியே தூக்கி ஆற்றில் வீசியிருப்பேன். சுற்றிலும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள், விட்டேன்.

நானே வருகிற பக்கம் நின்றேன். ஆனால் காலையிலிருந்து எத்தனை பரிசல் திரும்பிவிட்டதோ! என் கையில் பாதி எண்ணிக்கை, அவன் கையில் குழந்தைகள் இல்லாத எண்ணிக்கை. இரண்டையும் வைத்து என்ன செய்ய? பொழுது சாய்ந்தது. தண்ணீர் நிறம் மாறி ஏற ஆரம்பித்தது. கடைசிப் பரிசல் என்று மாதையன் கோலைப் போட்டுவிட்டான்.

"மாதையா, எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்திருப்பாங்க மாமா."

"வந்திருப்பாங்களா, வந்துட்டாங்களா?"

மாதையன் கோலை மறுபடி எடுத்தான். நானும் ஏறினேன். நீந்தியே போயிருப்பேன், வேட்டி சலவை. பரிசல் சுற்றின சுற்றில் மாதையன் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் பயப்படக் கூடாதில்லையா.

திட்டில் ஒரு முழ உயரம்தான் மிச்சம். சுற்றிச் சுற்றிக் கத்தினோம். யாரும் இல்லை. பின்பக்கத்துப் பாறை மேல் சோறு கொண்டு வருகிற தூக்குப் போசி ஒன்று மட்டும் இருந்தது. மூடியைத் திறந்தேன். பாதி தின்ன புளிச்சோறு. சோற்றின் மேல் நாலு விரல் அழுந்தின தடம்.

கரைக்கு வந்து போசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி வண்டியாக ஓடினேன். "யாரு போசி? இது யாரு போசிங்க?" வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. "யாராச்சும் மறந்திருப்பாங்க" என்றார்கள். எங்கள் வூட்டுது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் வூட்டில் ஒரு ஆளைக் காணோம் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. தனியாக வந்த ஆளாக இருந்தால் யார் சொல்வார்கள்?

குத்தகைக்காரன் போசியை வாங்கித் தட்டிப் பார்த்தான். "கனமான பித்தளை. யாரும் கேக்க மாட்டாங்க. வூட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றான்.

நான் ஆற்றோரமாகப் போய் வாந்தி எடுத்தேன் மாப்பிள்ளை. பரிசல் சுற்றினதால் என்று மாதையனிடம் சொன்னேன்.

மறுநாளே இரண்டு டின்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மிசினைத் திருப்பிக் கேட்டேன். "பாதி எண்ணெயை எரிச்சுட்டு வந்து கேக்கறியே, உனக்கே வெக்கமா இல்லையா?" என்றான். டின்னை அவன் வாசலிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன். ஏழு நாள் அவன் வூட்டில் அடுப்பு மூட்டப் பயந்தார்களாம். மூன்று நாளாவது இருக்கும்.

போசி என் வூட்டில் இருக்கிறது. பென்னாகரம் சந்தையில் காட்டினேன், பாப்பாரப்பட்டியில் காட்டினேன். உன் அத்தை அதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கொஞ்ச நேரம் போசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வர்ற ஆடிக்குப் போற பக்கம் நான் நிக்கறேன் தம்பி" என்றாள்.

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வரும் பதினெட்டாம் பெருக்குக்கு முதல் பரிசல் நகர்வதற்கு முன்னே உன் அம்மா ஒரு பக்கமும் உன் மாமன் ஒரு பக்கமும் துறையில் இருப்போம். மிசின் இல்லை. மடி நிறையப் புளியங்கொட்டை கொண்டு போவோம். ஆளுக்கு ஒன்றாகத் துண்டு மறைவில் பைக்குள் போடுவோம். இடுப்புக் குழந்தைக்கும் ஒரு கொட்டை. இரண்டு பையும் ஒன்றாக வரும்வரை மாதையன் கோலைக் கீழே வைக்க மாட்டான். எனக்குச் சத்தியம் செய்திருக்கிறான்.

இதைப் படிக்கிற யாராவது, கழுத்தில் மூன்று கோடு போட்ட பித்தளைத் தூக்குப் போசியை நடுத்திட்டில் விட்டிருந்தால், தயவு செய்து வாருங்கள். வந்து நாலு பேர் பார்க்க என் வாசலில் நின்று, "எடுடா எம் போசியை, திருட்டுப் பயலே" என்று வாய்க்கு வந்தபடி என்னை வையுங்கள். எத்தனை நாழி வேண்டுமானாலும் வையுங்கள். கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சடங்குக்கெல்லாம் முதல் சீர் வைத்தவனும், உன் கல்யாணத்துக்கு வைக்கக் கொடுத்துவைக்காதவனுமான உன் தாய்மாமன்