ஆறு மணிக் கோடுகள்

ஒக்ரோபர் 7, திங்கள்

டீவியில் பேய் வந்திருக்கிறது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு இரண்டு தலை. ஒன்று ஒழுங்காக இருக்கிறது, மற்றது கொஞ்சம் தள்ளி மங்கலாக நிற்கிறது. பின்னேரம் ஆறு மணியானால் முகத்துக்குக் குறுக்கே கோடுகளும் ஓடுகின்றன. என்ரை மனிசன் சிவபாதத்தார் டீவியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

கேபிளை வெட்டிவிட்டு இன்ரநெற்றில் பார்க்கச் சொல்லி மகன் எத்தனை தரம் சொல்லிவிட்டான். இவர் கேட்டால்தானே! ஒரு பழைய கேபிள் பெட்டியிலிருந்து வயர் இழுத்து வீடு முழுக்க டீவி ஓட்டுகிறார். போன கிழமை நவராத்திரிக்கென்று சாமி அறைக்கும் ஒரு வயர் பிரித்தார். அம்மன் படத்துக்குப் பின்னால் நிறம் மாறிச் சுற்றும் ஒளிவட்டம் ஒன்றும் பூட்டினார். அம்மாளாச்சி டிஸ்கோவுக்குள் நிற்கிறா.

ஒக்ரோபர் 12, சனி

கீழே பேஸ்மென்றுக்கு வாடகைக்குப் புதிதாக வந்த பிரசாந்தினியோடு தேத்தண்ணி. மட்டக்களப்புப் பிள்ளை. முதியோர் இல்லத்தில் வேலை, ஆறு மணிக்கு வருவாள். நான் சொல்லத் தொடங்கிய கதையை முடிக்க விடுகிற ஒரே ஆள் இந்த வீட்டில் அவள்தான்.

இரவுச் சாப்பாட்டில் இவர் கண்டுபிடித்துவிட்டாராம். “உவள் வந்த கிழமைதானே உது துடங்கினது? ஆறு மணிக்குக் கீழைக் கதவு திறக்குது, உடனை கோடு. மட்டக்களப்பிலை மந்திரம் போட்டு ஆளைப் பாயோடை ஒட்டுவினமாம். உவள் பேயை டீவியோடை ஒட்டிப்போட்டாள்.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

படியில் பிரசாந்தினி நின்றாள். கையில் நான் கொடுத்த கறிச் சட்டி, கழுவித் துடைத்தபடி. வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு முகம் எரிந்தது.

ஒக்ரோபர் 15, செவ்வாய்

பாவம் பிரசாந்தினி, தன்ரை மைக்ரோவேவின் வயரைக் கழற்றினாள், ஹீற்றரைக் கழற்றினாள், பிரிட்ஜையும் கழற்றினாள். பால் திரைந்ததுதான் மிச்சம். கோடு அப்படியே.

ஒக்ரோபர் 19, சனி

கேபிள்காரர் மரியோ காலையில் வந்தார். வயரைப் பிரித்துப் பிரித்து இவர் கோர்த்த மாலையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அலுமாரிக்குள் ஒரு வயர் நுனி சும்மா தொங்கியது. சிக்னல் அதில் போய் முட்டித் திரும்பி வருகிறதாம், அதுதான் இரண்டாவது தலை. நுனிக்கு ஒரு மூடி போட்டு எல்லாவற்றையும் இறுக்கினார். செய்திப் பெண்ணுக்கு ஒரு தலை!

கோடு பகலில் இல்லையே, அவர் என்ன செய்வார்? “பின்னேரத்தில் வீட்டில் எதைப் போடுகிறீர்கள் என்று பாருங்கள்” என்றார். இவர் விரலால் கீழே நிலத்தைக் காட்டினார்.

ஒக்ரோபர் 21, திங்கள்

இவர் அவளை நவம்பர் முடிய வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாராம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்! பிரசாந்தினிதான் சொன்னாள்: “யோசிக்காதீங்க அன்ரி. பிக்கரிங்ல ஒரு அறை பார்த்திரிக்கன்.”

இன்றைக்கு இவருக்குக் கறி கிடையாது. சோறும் சம்பலும்.

நவம்பர் 2, சனி

மார்க்கம் நகரில் இவருடைய பெரியப்பாவின் மகன் காலமானார். எண்பத்தொன்பது வயது, நித்திரையில் போனார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. சாமி அறையைப் பூட்டியாயிற்று. விளக்கில்லை, பூசையில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

படம் பளிங்கு மாதிரி.

நவம்பர் 6, புதன்

நாலாம் நாளும் கோடில்லை. “பாத்தியே, போகச் சொன்ன உடனை...” என்றார் இவர்.

“அவள் கீழைதான் நிக்கிறாள். கடலை வறுக்கிறாள், மணக்கேல்லையோ?” என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, எனக்கு உறைத்தது. இப்போது ஆறு மணிக்கு நாங்கள் போடாமல் விட்டது என்ன? விளக்கு வைக்கும்போது போடுகிற ஒளிவட்டம்!

போட்டுப் பார்க்கத் துடக்கு முடியுமட்டும் பொறுத்தால் அவள் போய்விடுவாள். அவளுக்குத் துடக்கில்லை, அவளைப் போடச் சொல்லலாம். ஆனால் அவள் கை பட்டுக் கோடு வந்தால் இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா?

நானே சாமி அறைக்குள் போனேன். துடக்கோடு. அம்மாளாச்சி, பொறுத்துக்கொள், உன்னைத் தொடவில்லை, சுவிச்சை மட்டும்தான்.

போட்டேன். “வந்திட்டுது! உவள் ஏதோ போட்டிட்டாள்!” - வரவேற்பறையிலிருந்து இவர்.

நிற்பாட்டினேன். “போயிட்டுது!”

திரும்பப் போட்டேன். “வந்திட்டுது...”

நிற்பாட்டினேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்கிறார், வாய் திறந்தபடி.

“துடக்கோடையோ உள்ளை போனனீ?”

“ஓம். உங்கடை ஒளிவட்டம்தான் கோடு. போய் அவளிட்டைச் சொல்லுங்கோ.”

“நீ சொல்லன்.”

“பழி சொன்ன வாய் உங்கடை.”

நவம்பர் 10, ஞாயிறு

நாலு நாள் இழுத்தடித்து இன்றைக்குத்தான் கீழே இறங்கினார். அரை மணித்தியாலம். பிரசாந்தினி பிறகு சொன்னாள்: “அங்கிள் வயரைப் பத்தியே கதைச்சார் அன்ரி. மலிவு லைற், சீனாச் சாமான் எண்டார். எழும்பிப் போகக்குள்ளதான் ‘பிள்ளை, நான் சொன்னது பிழை’ எண்டார். என்ர முகத்தைப் பார்க்கல்ல.”

இங்கேயே நிற்பியா என்று கேட்டேன். “யோசிச்சுச் சொல்றன் அன்ரி” என்றாள். அவள் சொன்னது நியாயம்.

டிசம்பர் 8, ஞாயிறு

துடக்கு கழிந்தது. நவம்பரும் முடிந்தது, பிரசாந்தினி போகவில்லை. அம்மனுக்கு இப்போது வெறும் நெய் விளக்குத்தான்.

காலையிலிருந்து பனி கொட்டியது. பின்னேரம் டீவியில் மறுபடி கோடு. இவர் எழும்பி வயரை ஆட்டினார், முறுக்கினார், பிறகு படித் தலைப்பில் போய் நின்றார்.

“பிரசாந்தினி! உன்ரை டீவியிலையும் கோடு விழுதோ?”

“இல்ல அங்கிள், இங்க கிளியர்.”

“அப்ப நான் செய்தி பாக்கக் கீழை வாறன், பிள்ளை.”

தேத்தண்ணிக் கோப்பையோடு இறங்கிப் போனார். நானும் அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் பின்னால் போனேன்.