பெற்றோர் குழுவில் போட்ட கடிதம்

நாரின், அக்டோபர் 4

அன்புள்ள குல்பாரா,

சுகமா? மாஸ்கோவில் குளிர் தொடங்கியிருக்குமே, முட்டிக்குக் கம்பளிப் பட்டை கட்டிக்கொள்கிறாயா? போனில் பேசினால் இரண்டு பேரும் படபடத்துவிடுவோம். அதனால்தான் காகிதம்.

வெள்ளிக்கிழமைதோறும் என் ஏழாம் வகுப்பில், நேரிலும் போனிலும் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பழகுவது பற்றிப் பேசுகிறோம். முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதைப் போனிலும் எழுதக் கூடாது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். முதலில் சொன்னது உன் மகள் பெகிமைதான். பெருமையாக இருந்தது.

அடுத்த வாரமே அவள் வகுப்புக்கென்று போனில் ஒரு குழு தொடங்கினாள், கூடப் படிக்கிற செசிமை மட்டும் விட்டுவிட்டு. செசிமுக்குத் திக்குவாய். அவள் பாடம் வாசித்ததைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்து, திக்கின இடங்களை மட்டும் பாட்டுப்போல ஒட்டிப் பெகிமை அதில் போட்டிருக்கிறாள். செசிம் ஒன்பது நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

பெகிமையைத் தண்டிக்க எனக்கு மனமில்லை. அவள் செசிம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் போதும். நானும் கூடப் போகிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். இது நமக்குள் இருக்கட்டும்.

உன் ஜிபார்


மாஸ்கோ, அக்டோபர் 17

ஜிபாருக்கு,

நலம். இங்கே ஒன்பது மாடிப் படிக்கட்டு துடைக்கிறேன். ஏறி இறங்குகிறவர்கள் என் காதுபடவே என்னென்னவோ சொல்கிறார்கள். யார் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்? வகுப்பே சேர்ந்து சிரித்திருக்கிறது. அம்மா பக்கத்தில் இல்லாதவள் என்பதால்தானே இவள்மேல் மட்டும் பழி? என் பெண் போனில் அழுதாள். நீ பெற்றிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும்.

உன் கடிதத்தைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டேன். நாலு பேர் நியாயம் சொல்லட்டும்.

குல்பாரா


நாரின், நவம்பர் 6

குல்பாரா,

நாலு பேர் இல்லை, முப்பத்தெட்டுப் பேர் சொன்னார்கள். எனக்கு மலடி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அது என்னோடு போகட்டும். ஒருவர் "செ-செ-செசிம்" என்று எழுதினார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. முதல் பொம்மை உன்னுடையது.

செசிமின் அப்பாவும் அந்தக் குழுவில்தான் இருந்தார். மறுவாரமே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகள் வீட்டுப் போன்களில் எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பெகிமை எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்கம்மா செஞ்சது தப்பா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். "அதை உன் அம்மாவிடமே கேள்" என்றேன்.

கேட்டாளா?

ஜிபார்


மாஸ்கோ, பிப்ரவரி 9

ஜிபார்,

உன் நவம்பர் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. முந்தின இரண்டுக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

கேட்டாள். பெரியவங்க விஷயத்துல வாயை மூடு என்று அதட்டினேன். பிறகு அவள் தனியாகச் செசிம் வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். அவள் அத்தைதான் சொன்னாள். இப்போதெல்லாம் என்னிடம் சாப்பிட்டேன், படிக்கிறேன், அவ்வளவுதான்.

நீ அவளை எப்போதும்போலவே நடத்துகிறாயாம். நேற்று அவளிடம் கேட்டேன், டீச்சர் என்னைப் பத்தி என்னதான் சொல்றா என்று.

"ஒண்ணுமே சொல்றதில்லம்மா. உன் பேரையே எடுக்கறதில்ல."

திட்டியாவது எழுது.

குல்பாரா